புதரடி மண் ஏன் கறுப்பாக இருக்கிறது?

வறண்ட நிலம் எதிலாவது கோடையில் நடந்து பாருங்கள். வெட்டவெளியில் மண் வெளிறிக் கிடக்கும். அள்ளினால் மாவாக உதிரும், அல்லது ஓடு ஓடாகப் பெயரும். பத்தடி தள்ளி ஒரு முட்புதர். அதன் அடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தால் நிறமே வேறு. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் பொலபொலப்பு, உலர்ந்த இலைத்துணுக்குகள், எங்கிருந்தோ நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வேர்நுனி. இரண்டு இடத்துக்கும் ஒரே மழை, ஒரே வெயில், ஒரே பாறை பொடிந்து வந்த மண். ஆனாலும் புதரடியில் கரிமம் (கார்பன்) தங்கியிருக்கிறது, வெட்டவெளியில் தங்கவில்லை. மண்ணியலாளர்கள் இந்தத் திட்டுகளை ‘வளத் தீவுகள்’ என்கிறார்கள்.

வறண்ட நிலங்களில் கரிமத்தைச் சேமிப்பது பற்றி மாநாடுகளில் பேசப்படுவதெல்லாம், சுருக்கிப் பார்த்தால், இந்தத் தீவுகளை எப்படி அகலமாக்குவது என்ற கேள்விதான். அதற்கான விடையில் கரிமத்தைவிடத் தண்ணீரின் பெயர்தான் அதிகம் வரும்.

முதலில், வறண்ட நிலம் என்றால் எது? மழை குறைந்த இடமெல்லாம் வறண்டது என்று சொல்லிவிட முடியாது. குளிர்நாட்டில் ஆண்டுக்கு 400 மி.மீ. பெய்தாலே நிலம் சதுப்பாகக் கிடக்கலாம்; வெப்பநாட்டில் அதே 400 மி.மீ. சோளத்துக்கே பற்றாமல் போகலாம். ஆகவே வரவோடு செலவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓராண்டில் பெய்யும் மழை ஒருபுறம். தண்ணீருக்குத் தட்டுப்பாடே இல்லாவிட்டால் அந்த இடத்து வெயிலும் காற்றும் செடிகளும் சேர்ந்து எவ்வளவு நீரை ஆவியாக்கியிருக்கும் என்ற கணக்கு மறுபுறம். முன்னதைப் பின்னதால் வகுத்து, விடை 0.65-க்குக் கீழே வந்தால் அது வறண்ட நிலம். 0.2-க்கும் 0.5-க்கும் இடைப்பட்டது அரைவறட்சி நிலம். 0.05-க்கும் கீழே போனால் சஹாராவின் நடுப்பகுதி போன்ற மீவறட்சி.

இந்தக் கணக்குப்படி உலகின் நிலப்பரப்பில் சுமார் 41 சதவீதம் வறண்ட நிலம். 200 கோடிக்கும் அதிகமானோர் அங்கே வாழ்கிறார்கள். மணல்மேடும் ஒட்டகமும் மனத்தில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். இதில் பெரும்பகுதி புல்வெளி, மரங்கள் சிதறிய மேய்ச்சல் காடு, மானாவாரி வயல். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது தமிழ் மரபு. நிலச்சீரழிவு என்று இன்று ஐ.நா. ஒப்பந்தங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். இயற்கையாகவே பாலையாக இருக்கும் இடத்தில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கெட்டுப்போன முல்லையில்தான் வேலை இருக்கிறது.

கரிமத்தின் வரவும் செலவும்

செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து, வெயிலின் துணையோடு சர்க்கரையாக்குகிறது. அதில் ஏறத்தாழப் பாதியைத் தன் மூச்சிலேயே திரும்ப விட்டுவிடுகிறது. மீதி தண்டாக, இலையாக, வேராக ஆகிறது. கொஞ்சம் வேர்நுனி வழியே மண்ணுக்குள் கசிகிறது. இலை காய்ந்து விழுந்ததும் கரையான், பூச்சி, பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிடும். அவை தின்பதிலும் பெரும்பங்கு கரியமில வாயுவாகக் காற்றுக்கே போகிறது. எஞ்சுவது சிறு பங்கு. அதைத்தான் மட்கு என்கிறோம். மட்கின் எடையில் பாதிக்குச் சற்று மேல் கரிமம்.

மட்கிலும் இரண்டு ரகம் உண்டு. பாதி மக்கிய இலைத்துணுக்கும் வேர்த்துணுக்கும் ஒரு ரகம். சட்டைப்பையில் இருக்கும் சில்லறை மாதிரி, வந்த வேகத்தில் செலவாகிவிடும். இன்னொன்று, நுண்ணுயிர்களின் உடலும் கழிவும் களிமண் துகள்மேல் ஒட்டிக்கொண்டு உருவானது. கண்ணுக்குத் தனியாகத் தெரியாது, மண்ணுக்கு நிறத்தை மட்டும் கொடுக்கும். இது பத்தாண்டுக் கணக்கில், சிலசமயம் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். மணற்பாங்கான நிலத்தில் ஒட்டிக்கொள்ளக் களித்துகள் குறைவு. அதனால்தான் ஒரே அளவு எரு போட்டாலும் மணல் நிலம் சீக்கிரம் வெறுங்கையாகிறது. இதில் நம்மால் மாற்றக்கூடியது அதிகமில்லை. எந்த மண்ணிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளவாவது இது உதவும்.

உலகக் கணக்கு இது: மேல்மண்ணின் முதல் ஒரு மீட்டரில் உயிரிகளிலிருந்து வந்த கரிமம் சுமார் 1.5 லட்சம் கோடி டன் இருக்கிறது. காற்றில் கரியமில வாயுவாக மிதப்பது ஏறக்குறைய 90,000 கோடி டன். மரம், செடி, கொடி எல்லாவற்றிலும் சேர்த்து அதில் பாதியளவுதான். மண்ணில் இருக்கும் அந்தக் கரிமத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வறண்ட நிலங்களில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஹெக்டேருக்கு என்று பார்த்தால் மிகக் குறைவு. பரப்பு பெரிது என்பதால் மொத்தம் பெரிதாகிவிடுகிறது.

வறட்சி இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் கை வைக்கிறது. தண்ணீர் இல்லாததால் செடி மெதுவாக வளர்கிறது, வரவு குறைவு. அதே தண்ணீர்ப் பஞ்சத்தால் நுண்ணுயிரும் மெதுவாகத் தின்கிறது, செலவும் குறைவு. ஆக, வந்தது கொஞ்சமே என்றாலும் நீண்ட நாள் இருக்கும். வரவில் பெரும்பங்கு மண்ணுக்குக் கீழேதான். வறள்நிலச் செடிகள் உடம்பைவிட வேரில் அதிகம் முதலீடு செய்பவை. சீமைக்கருவேலின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டியபோது 53 மீட்டர் ஆழத்தில் தென்பட்டது. பதினைந்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது. மேலே நிற்கும் குட்டை மரத்தைப் பார்த்து யாரும் ஊகித்திருக்க முடியாது.

செலவிலும் சில விசித்திரங்கள் உண்டு. மாதக்கணக்கில் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும், உறங்கிக்கிடந்த நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துத் தின்னத் தொடங்கும். சில மணி நேரத்திலேயே மண்ணிலிருந்து கரியமில வாயு குபுகுபுவென்று கிளம்பும். 1958-ல் பெர்ச் என்ற ஆய்வாளர் இதை விவரித்ததால் இதற்கு ‘பெர்ச் விளைவு’ என்று பெயர். ஒரு கன மழையைவிட, பெய்வதும் காய்வதுமாக மாறிமாறி வரும் சிறு தூறல்கள் மண்ணின் கரிமத்தை அதிகம் கரைக்கக்கூடும் என்பது இதிலிருந்து புரியும். இன்னொன்று, வெயில். உலர்ந்த சருகை நுண்ணுயிர் தொடாமலே வெயிலின் ஒளி மட்டுமே சிதைத்துவிடுகிறது. தென் அமெரிக்காவின் தெற்கே, படகோனியாவின் அரைவறட்சிப் புல்வெளியில் நடந்த சோதனை ஒன்று இதை 2006-ல் தெளிவாகக் காட்டியது. சருகு மண்ணுக்குள் போகாமல் மேலேயே கிடந்தால் அதன் கரிமம் மண்ணுக்குக் கிடைக்காமல் நேரே காற்றுக்குப் போய்விடலாம். இங்கே கரையானுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. பிறகு வருகிறேன்.

சுண்ணாம்பு வடிவில் இருக்கும் கரிமத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வறண்ட மண்ணைத் தோண்டினால் வெள்ளைக் கட்டிகளாகவோ பாளமாகவோ சுண்ணாம்பு வருமே, அதிலும் கரிமம்தான் இருக்கிறது. உலகில் இந்த வகைக் கரிமத்தில் மிகப் பெரும்பகுதி வறண்ட நிலங்களில்தான். அதற்காக இதைச் சேமிப்பு என்று கொண்டாட வேண்டாம். ஏற்கெனவே இருந்த சுண்ணாம்பு கரைந்து மறுபடி படிந்தால், காற்றிலிருந்து புதிதாக எதுவும் குறைவதில்லை. வேறு பாறையிலிருந்து வந்த கால்சியத்தோடு சேர்ந்தால்தான் அது நிகர வரவு. அது நடக்கும் வேகத்தில் நம் வாழ்நாளுக்குள் கணக்குப் பார்க்க இயலாது. ஆகவே இனி மட்கைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எவ்வளவுதான் சேரும்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் மேல் 30 செ.மீ. மண்ணின் கொள்ளளவு 3,000 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் 4,200 டன் மண். வறண்ட நிலத்தில் கரிமம் அரை சதவீதம் என்பது சாதாரணம். ஆக, கையிருப்பு 21 டன். இதை 0.5-லிருந்து 0.6 சதவீதமாக உயர்த்தினால் கூடுதலாக 4.2 டன் கரிமம். ஒரு டன் கரிமம் காற்றில் 3.67 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்பதால், சுமார் 15 டன் கரியமில வாயுவை மண்ணுக்குள் இறக்கியிருப்போம்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வறண்ட நிலத்தில் நல்ல பராமரிப்போடு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 0.1 முதல் 0.3 டன் கரிமம் சேர்வதே வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. 0.2 என்று வைத்துக்கொண்டால், அந்த 0.1 சதவீத உயர்வுக்கு 21 ஆண்டுகள் ஆகும்.

இன்னும் ஒரு படி போய்ப் பார்க்கலாம். உலகின் வறண்ட நிலங்கள் ஏறக்குறைய 600 கோடி ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்கில் ஆண்டுக்கு 0.1 டன் வீதம் சேர்த்துவிட்டோம் என்று தாராளமாகக் கற்பனை செய்தாலும் மொத்தம் 20 கோடி டன்தான். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயுவை எரித்து உலகம் ஆண்டுதோறும் காற்றில் ஏற்றும் கரிமம் 1,000 கோடி டன் அளவு. அதாவது நூற்றுக்கு இரண்டு. மண்ணே காலநிலையைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். கரிமம் அரை சதவீதத்துக்குச் சற்று மேலேயா, சற்றுக் கீழேயா என்ற சிறு வித்தியாசம், மழை பொய்க்கும் ஆண்டில் பயிர் நிற்குமா சாயுமா என்பதையே தீர்மானிக்கிறது. என்னைப் பொறுத்தவரை, கரிமம் சேர்வது இங்கே உபரி வருமானம். மண் பிழைப்பதுதான் முதல்.

போனது எப்படி?

சேர்க்க 21 ஆண்டு ஆவது, போக இரண்டு மூன்று பருவம் போதும். வெற்று மண்மேல் மழைத்துளி அறைந்தால் நுண்துகள்கள் சிதறி மேற்பரப்பின் துளைகளை அடைத்துவிடும். பிறகு வெயில் அதை ஓடாக்கும். அடுத்த மழை உள்ளே இறங்க வழியின்றி வழிந்தோடும், போகிற போக்கில் கரிமம் செறிந்த மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு. இறங்கிய தண்ணீர் குறைந்ததால் அடுத்த பருவத்தில் செடி குறையும், செடி குறைந்ததால் மண் இன்னும் வெறுமையாகும். உழவும் தன் பங்குக்கு, மண்கட்டிகளுக்குள் ஒளிந்திருந்த மட்கை உடைத்து நுண்ணுயிருக்குப் பரிமாறிவிடுகிறது. மழை செய்யாததைக் காற்று செய்யும். அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் புல்லை உழுது கோதுமை போட்ட பிறகு 1930-களில் வறட்சி வந்தபோது, 1934 மே மாதம் அங்கிருந்து கிளம்பிய புழுதி நியூயார்க் வரை போய் விழுந்தது. அந்தப் புழுதியில் போனது அந்நிலத்தின் மட்கு.

பலர் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. வறண்ட நிலத்தில் செடிகளுக்கு நடுவே வெறும் மண் போலத் தோன்றும் இடத்தில், நீலப்பச்சைப் பாசி, கற்பாசி, பாசிச்செடி எல்லாம் பின்னி, சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தோல் இருக்கும். உயிர்த்தோல் என்று வைத்துக்கொள்வோம். உலக நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதத்தை இது போர்த்தியிருக்கிறது. கரிமத்தைப் பிடிக்கும், சிலவகை பாசிகள் காற்றிலிருந்து தழைச்சத்தையும் (நைட்ரஜன்) எடுக்கும், மண் பறக்காமல் கட்டும். வண்டிச் சக்கரம் ஏறினாலோ மந்தை திரும்பத்திரும்ப மிதித்தாலோ உடைந்துவிடும். பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். வெறும் மண்தானே என்று நாம் மிதிக்கும் இடம் அது.

தண்ணீரை நிறுத்தினால் மற்றது வரும்

திரும்பச் சேர்க்கும் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவைப் பார்ப்பது நல்லது. சஹாராவுக்குத் தெற்கே சஹேல் என்றொரு அரைவறட்சிப் பட்டை ஓடுகிறது. 1970-களிலும் 80-களிலும் கடும் வறட்சியில் அடிபட்ட பகுதி. புர்க்கினா பாசோவின் யாத்தெங்கா மாகாணத்தில் வயல்கள் ஓடு கட்டி, விதை ஊன்றினால் இறங்காத அளவு இறுகிவிட்டன. அங்கே யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி, ‘ஸாய்’ எனப்படும் பழைய குழிமுறையை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாற்றியமைத்துப் பயன்படுத்தினார்.

குழி ஒவ்வொன்றும் 20 முதல் 40 செ.மீ. அகலம், 10 முதல் 20 செ.மீ. ஆழம். கோடையிலேயே தோண்டி, குழிக்கொரு கைப்பிடி எரு போட வேண்டும். எருவின் வாசத்துக்குக் கரையான் வரும். வந்து, இறுகிய மண்ணைக் குடைந்து வழி போடும். சருகையும் எருவையும் வெயில் தின்பதற்கு முன்பே மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகும். முதல் மழை பெய்யும்போது சுற்றிலும் ஓடும் நீரெல்லாம் குழியில் வந்து நின்று, கரையான் போட்ட வழியே இறங்கும். சோளமோ கம்போ அந்தக் குழியில்தான் விதைக்கப்படும். கவனித்தீர்களா, கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த வளத்தீவைத்தான் கையால் செய்திருக்கிறார்கள். எருவோடு வந்த மர விதைகளும் குழிகளில் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டதில் காடே உருவானது. தொடக்கத்தில் ஊரார் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள், அவர் நிலத்துக்குத் தீயும் வைத்தார்கள். 2018-ல் அவருக்கு ‘மாற்று நோபல்’ என்று அழைக்கப்படும் விருது கிடைத்தது. 2023 டிசம்பரில் காலமானார்.

அதே யாத்தெங்காவில் இன்னொரு வேலையும் நடந்தது: கல்வரப்பு. சரிவின் குறுக்கே, சம உயரத்தில், முழங்காலுக்கும் குறைந்த உயரத்தில் கற்களை வரிசையாக அடுக்குவது. தண்ணீரைத் தடுக்காது, வேகத்தை மட்டும் குறைக்கும். வண்டலும் சருகும் விதையும் கல்லுக்கு மேல்பக்கம் தங்கும். இதில் சிக்கல், சம உயரத்தைக் கண்டுபிடிப்பது. கண்ணால் பார்த்தால் தப்பும். தப்பினால் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து வரப்பையே உடைக்கும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அதே நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்தான் தீர்வாக வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிவிடலாம்.

மரம் நடுவதா, வேரை விடுவதா?

கரிமம் என்றதும் எல்லோரும் கன்று நடக் கிளம்பிவிடுகிறார்கள். நைஜரில் மராடி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியரும் அப்படித்தான் தொடங்கினார். நட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. 1983-ல் ஒருநாள், வயலெங்கும் களை என்று எல்லோரும் வெட்டி எறியும் குத்துச்செடிகளை உற்றுப் பார்த்தவருக்கு, அவை செடிகளல்ல, வெட்டப்பட்ட மரங்களின் கட்டையிலிருந்து துளிர்த்தவை என்று புரிந்தது. கீழே உயிருள்ள, ஆழமான வேர் தயாராக இருக்கிறது. கன்றைப் போல முதல் கோடையில் சாக வேண்டியதில்லை. செய்ய வேண்டியது, ஒரு கட்டையில் வரும் பத்துப் பதினைந்து தளிர்களில் நேராக வளரும் இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கழிப்பது, விட்டதைக் கவாத்து செய்து ஆடுமாட்டிடமிருந்து காப்பது. அவ்வளவுதான். நாற்றங்கால் இல்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை.

இருபது ஆண்டுகளில் நைஜரின் தெற்கே சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் எழுந்தன. வேரும் கத்தியும் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. முன்பு மரங்கள் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்பது சட்டம். தன் வயலில் நிற்கும் மரத்தின் கிளையை வெட்டினாலும் அபராதம். அப்படியிருக்க எந்த விவசாயி மரத்தை வளர விடுவார், முளையிலேயே கிள்ளுவார். நடைமுறையில் அந்தப் பிடி தளர்ந்து, மரம் வளர்த்தவருக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பரவியது.

அந்த வயல்களில் ஃபெயிதர்பியா என்றொரு வேலமர உறவு நிற்கும். ஊரே காயும் கோடையில் இலை விட்டு நிற்கும், மழைக்காலத்தில் உதிர்த்துவிடும். பயிருக்கு நிழல் இடைஞ்சல் இல்லை, உதிர்ந்த இலை எரு, வேர் தழைச்சத்தை நிலைப்படுத்தும், காய் கால்நடைத் தீவனம். யாரோ உட்கார்ந்து யோசித்து வடிவமைத்தது போல இருக்கும்.

தனித்தனியாக நிற்கும் மரங்களை ஒரு காலத்தில் யாரும் எண்ணவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குக் கற்பித்து எண்ணச் செய்த ஆய்வு 2023-ல் வந்தது: சஹாராவுக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள ஆப்பிரிக்க வறள்நிலங்களில் 990 கோடி மரங்கள், அவற்றில் 84 கோடி டன் கரிமம். வகுத்தால் ஒரு மரத்துக்கு 85 கிலோ. மழைக்காட்டு மரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை, ஆனால் அங்கே அந்த மரத்துக்கு வேறு மாற்றும் இல்லை.

மேய்ச்சல் நிலத்தில் பெரும்பாலும் செய்ய வேண்டியது, செய்யாமல் இருப்பது. தான்சானியாவின் ஷின்யாங்கா பகுதியில் சுகுமா மக்களிடம் ‘ங்கிடிலி’ என்ற வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் ஒரு பகுதியை அடைத்து, கோடையின் கடைசியில் மற்ற இடத்துப் புல் தீர்ந்த பிறகே மாட்டை விடுவார்கள். உறக்கநோயைப் பரப்பும் ட்செட்சே ஈயை ஒழிக்கவென்று காடு வெட்டப்பட்டும், வேறு காரணங்களாலும் அந்த நிலம் பாழ்பட்டிருந்தது. 1986-ல் தொடங்கிய திட்டம் பழைய வழக்கத்தையே மீட்டெடுத்ததில், சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியிருந்த அடைப்பு நிலங்கள் இருபது ஆண்டுக்குள் மூன்று லட்சம் ஹெக்டேரைத் தாண்டின. மேய்ச்சலையே நிறுத்துவதும் சரியல்ல. மாடு தின்று, மிதித்து, சாணமிட்டுப் பழகிய புல்வெளி அது. எத்தனை மாடு என்பதோடு, எப்போது எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி.

வயலில் மூடாக்கு, தொழு உரம், பயறு ஊடுபயிர் என்ற மூன்றையும் எல்லாரும் சொல்வார்கள். சொல்வது எளிது, வறண்ட நாட்டில் அறுத்த பயிரின் தட்டையை வயலில் விட்டால் மாட்டுக்கு எது? இந்த இழுபறியைப் பேசாத எந்த ஆலோசனையும் ஏட்டோடு நின்றுவிடும். பயறைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு: மட்கில் ஏறக்குறைய 12 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். ஒரு டன் கரிமம் மண்ணில் நிலைக்க 80 கிலோ தழைச்சத்து அதோடு சேர்ந்து பூட்டப்படுகிறது. அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வெறும் வைக்கோலைக் கொட்டி மட்கு ஆக்க முடியாததற்கும், பயறு வகைகள் இல்லாமல் இந்தக் கணக்கு நேராகாததற்கும் இதுதான் காரணம். உழாமல் விதைப்பது கரிமத்தைப் பெருக்குமா என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பல ஆய்வுகளில் மேல் பத்து செ.மீ.-ல் கூடியது, ஆழத்தில் குறைந்ததோடு நேராகிவிட்டது. மண்ணரிப்பைக் குறைக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

மரம் தப்பான இடத்தில் நின்றால்

இஸ்ரேலில் நெகேவ் பாலையின் விளிம்பில், ஆண்டுக்குச் சுமார் 280 மி.மீ. மழையில், யதீர் என்ற பைன் காடு 1960-களில் நடப்பட்டது. கரிமம் சேர்வது எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெளிறிய பாலை மண் சூரிய ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கரும்பச்சைக் காடு அதை உள்வாங்கிச் சூடாகிறது. இந்தக் கூடுதல் சூட்டை, சேர்ந்த கரிமத்தின் குளிர்ச்சி ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் தேவை என்று 2010-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது.

தண்ணீர் இன்னொரு தடை. சீனாவின் லோயஸ் பீடபூமியில் 1999 முதல் சரிவு வயல்களைக் காடும் புல்லுமாக மாற்றினார்கள். மண்ணரிப்பு வெகுவாகக் குறைந்தது, கரிமமும் கூடியது. கூடவே ஆற்றுக்குப் போகும் நீரும் குறைந்தது. இனி மரங்களைக் கூட்டினால் மனிதருக்குத் தண்ணீர் மிஞ்சாது என்ற எச்சரிக்கை வந்துவிட்டது. சீமைக்கருவேலைப் பற்றி விளக்கவே வேண்டாம். எத்தியோப்பியாவின் அஃபாரிலும் கென்யாவின் பரிங்கோவிலும் நன்மைக்கென்று கொண்டுவந்து நட்ட மரம், மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. கரிமக் கணக்கில் அது லாபம். மாடு வைத்திருப்பவரின் கணக்கில் இல்லை. புல்வெளி என்பது மரம் வளரத் தவறிய காடு அல்ல. அதன் கரிமம் மண்ணுக்குள் இருக்கிறது, தீயும் வறட்சியும் அதை எளிதில் தொட முடியாது.

ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-ல் தொடங்கிய பெரும் பச்சைச் சுவர் திட்டம்கூட, கண்டத்தின் குறுக்கே ஒரு மரவரிசை என்ற எண்ணத்தில் தொடங்கி, இப்போது வயல், புல்வெளி, புதர், மரம் கலந்த நிலப்பராமரிப்பாக மாறியிருக்கிறது. 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர், 25 கோடி டன் கரிமம் என்பது அதன் இலக்கு.

அளப்பது

சேர்ந்த கரிமத்தைக் கணக்குக் காட்டி, புகை கக்கும் நிறுவனங்களிடம் விற்கலாம் என்ற பேச்சு வந்த பிறகு, அளப்பது பெரிய தொழிலாகிவிட்டது. வறண்ட நிலத்தில் இது மிகச் சங்கடமான வேலை. ஓராண்டு மழை எல்லாவற்றையும் புரட்டிப் போடும். 2010-11-ல் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் பெய்த பெருமழையில் கடல்மட்டமே சில மில்லிமீட்டர் இறங்கியது. வறண்ட புல்வெளிகள் பச்சையாகி, 2011-ல் உலக நிலப்பரப்பு உறிஞ்சிய கரிமம் அதுவரை காணாத அளவைத் தொட்டது. அடுத்து வறட்சியும் தீயும் வந்து அதில் பெரும்பங்கு திரும்பிப் போனது. மழை நன்றாகப் பெய்த ஆண்டின் கணக்கைக் காட்டி யாராவது பராமரிப்பின் பலன் என்றால், பக்கத்தில் பராமரிக்காத நிலத்தில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

மண் எடுப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. புதரடியில் ஒரு பிடி, வெட்டவெளியில் ஒரு பிடி எடுத்தால் கரிமம் இரண்டு மடங்கு வித்தியாசப்படலாம். இருபது ஆண்டு உழைப்பின் பலனைவிட இந்தப் பத்தடி வித்தியாசம் பெரிது. ஆகவே நிலத்தில் எத்தனை பங்கு புதர், எத்தனை பங்கு வெட்டவெளி என்று முதலில் அளந்து, இரண்டிலும் அந்த விகிதத்தில் மண் எடுக்க வேண்டும். சதவீதம் மட்டும் போதாது, மண்ணின் அடர்த்தியும் வேண்டும். பராமரிப்பால் மண் பொலபொலப்பானால் அதே 30 செ.மீ.-க்குள் முன்பைவிடக் குறைந்த எடை மண்தான் இருக்கும். ஆழத்தை வைத்து ஒப்பிட்டால் சேர்ந்தது குறைந்ததாகத் தெரியும். அதனால் சம ஆழத்தை விட்டு, சம எடை மண்ணை ஒப்பிடுகிறார்கள். எடுத்த இடத்தைக் குறித்து வைத்து, ஐந்து முதல் பத்து ஆண்டு கழித்து, அதே பருவத்தில், அதே இடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அளந்தால் பெரும்பாலும் தெரியவருவது அந்த ஆண்டின் மழை மட்டும்தான்.